‘இ’ தபசில்

ஆடி பிறக்க மூன்று நாள்தான்.
சேரன்மகாதேவி சார்பதிவாளர் ஆபீஸில்
எங்கள் டோக்கன் நாற்பத்தேழு.
பூலுடையாரும் சொரிமுத்துவும் ஒரே பெஞ்சில்,
நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு.
அந்த இடத்தில் தங்கச்சி உலகம்மையின் கட்டைப்பை.

வீடு பெரியவருக்கு.
வயல் அறுபத்திரண்டு சென்ட் சின்னவருக்கு,
மேல்புறம் வாய்க்கால், கீழ்புறம் தளவாய் நஞ்சை.
கிணற்றில் ஆளுக்குப் பாதி,
மோட்டாருக்கு முறை வைத்தாயிற்று.
இதற்கெல்லாம் என் கம்ப்யூட்டரில் வாசகம் கிடக்கிறது,
பெயரை மாற்றினால் போதும்.

அண்டாவில்தான் நின்றது.
ஆட்டோவில் ஏற்றியே கொண்டு வந்திருந்தார்கள்,
ஆறு குடம் கொள்ளும் பித்தளை.
தாத்தா காலத்தது என்றார் ஒருவர்.
தாத்தாவுக்கும் மூத்தது என்றார் மற்றவர்.
எழுந்துபோய்ப் பார்த்தேன்.
கழுத்தோரம் புள்ளி புள்ளியாகக் குத்தியிருந்தது:
கீ. வெ. மாடத்தி அம்மாள்.

யார் அது?
வம்சத்தில் அப்படி ஒரு பெயர் இல்லை.
எந்த வீட்டு அடகு
எந்த வருஷம் மூழ்கியதோ.
இரண்டு பேரும் சற்று நேரம்
மாடத்தி அம்மாளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார்கள்.
பிறகு விட்ட இடத்திலிருந்து சண்டை.

‘இ’ தபசில் காலி.
தொண்ணூற்றாறில் நகை போட்டாயிற்று,
விடுதலை மட்டும் எழுதும் என்றார்கள்.
அதற்கும் வாசகம் உண்டு:
இனி எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை.

“கையெழுத்துப் போடுதேன் அண்ணாச்சி,” என்றாள்.
“ஆனா எங்கிட்ட ஒரு பொதுச்சொத்து கெடக்கு.
அதையும் பங்கு வச்சிருங்க.”

பைக்குள் ஈரச்சாக்கு.
சாக்குக்குள் விரல் நீளத்துக்குக் கொழுந்துகள்.
“நம்ம கெணத்தடிச் சிறுகெழங்கு.
கடையத்துக்கு வாக்கப்பட்டுப் போகையில
மடியில ஒரு படி கட்டிக்கிட்டுப் போனேன்.
யாரும் கேக்கல. நானும் சொல்லல.”

சின்னவர் சிரித்தார்.
அந்த மேட்டில் அவர் வாழை வைத்து ஒன்பது வருஷம்.
சந்தையில் வருவது பெரிய கிழங்கு,
உரிக்கவும் லேசு.
“மணந்தான்...” என்று தொடங்கி
அதோடு விட்டார்.

நெல் என்றால் மகன், பேரன் என்று
வாரிசு சொல்லிக்கொண்டு போகலாம்.
இதற்கு விதை கிடையாது.
கிள்ளி நட்டால் நிற்பது அதே செடி.
கிணறு வெட்டும் முன்னால் அங்கே நின்றது எதுவோ
அதுதான் இந்தச் சாக்கில் படுத்திருந்தது.
நகல் என்று ஒன்றைக் காட்ட முடியாது, எல்லாம் அசல்.
மூன்றாகப் பிரித்தால் மூன்றும் முழுசு.
முப்பத்தோரு வருஷத்தில்
இப்படி ஒரு கணக்கை நான் தட்டச்சு செய்ததில்லை.

மதிப்பு?
பூஜ்யம் போட்டால் சிஸ்டம் ஏற்காது.
ஒரு ரூபாய் என்று போட்டேன்.
சார்பதிவாளர் கண்ணாடிக்கு மேலாக நோக்கி
“இது என்னவே?” என்றார்.
எடுத்துவிட்டேன்.

ஆகவே பத்திரத்தில் அது இல்லை.
டீக்கடைப் படியில் உட்கார்ந்து
பொட்டலம் கட்டுகிற நூலை வாங்கி
அவளே மூன்று கட்டாகக் கட்டினாள்.
பெருவிரல் மை காயுமுன் வாங்கிக்கொண்டார் பெரியவர்.
சின்னவர், ஆட்டோவில் அண்டாவுக்குள் போட்டார்.
மிஞ்சிய நாலு கொழுந்தை என் பேனா டப்பா மேல் வைத்து
“வாடிப் போவும், இன்னைக்கே நட்டுருங்க” என்றாள்.

சின்னவர் நட்டாரா, தெரியாது.
அண்டா எடைக்குப் போனதாகக் கேள்வி.

மார்கழியில் என் மாடி சிமெண்டுச் சாக்கு
ஒன்றரைக் கிலோ தந்தது.
கோணியில் போட்டுத் தரையில் அடித்துத்
தோல் சுரண்டியதில் விரலெல்லாம் கறுப்பு.
எலுமிச்சைக்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை.

மறுநாள் ஆபீஸில்
ஒரு கிரயக்காரர் என் கையைப் பார்த்துக் கேட்டார்:
“என்ன அண்ணாச்சி,
நீங்களும் எதுலயோ
கைநாட்டு வச்சிட்டிய போலுக்கு?”